கைக்கேற்ற கருவி

மனிதன் படைத்துக்கொண்ட கருவிகள் எண்ணற்றவை. அவை அனைத்திற்கும் முற்பட்ட கருவி ஒன்று உண்டு. அதுவே அவனுடைய கை. விடியலில் கதவின் தாழை நீக்குவது முதல் இரவில் விளக்கை அணைப்பது வரை நாம் செய்யும் செயல்களைச் சற்றே எண்ணிப் பாருங்கள். சட்டைக்குப் பித்தான் இடுகின்றோம், சோற்றைப் பிசைந்து உண்கின்றோம், எழுதுகின்றோம், பூட்டைத் திறக்கின்றோம். எளியவை ஆதலின் இவற்றை நாம் ஒரு பொருட்டாகக் கருதுவதில்லை. கை தளர்ந்தவர்க்கோ இவற்றுள் ஒவ்வொன்றும் ஒரு மலையாகும். பிறர் ஊட்ட உண்பவருக்குப் பசி தீரலாம், மனக்குறை தீருமோ?

இக்குறையைத் தீர்க்க எழுந்த துறையே தொழில்வழி மருத்துவம். இங்குத் தொழில் என்பது ஊதியத்திற்காகச் செய்யும் வேலையை மட்டும் குறிப்பதன்று. உண்ணல், உடுத்தல், எழுதல், விளையாடல் ஆகிய அன்றாடச் செயல்கள் யாவும் தொழிலே. 1917 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அமெரிக்க நாட்டின் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் சிலர் கூடி, இத்துறைக்கென ஒரு சங்கம் கண்டனர். அவர்களுள் ஒருவரான ஜார்ஜ் பார்ட்டன் கட்டடக்கலை வல்லுநர். காசநோயாலும் இடப்பக்கம் செயலிழந்தமையாலும் துன்புற்ற அவர், கைத்தொழிலில் ஈடுபட்டே தம் உடலைத் தேற்றிக்கொண்டார். நம் நாட்டில், அமெரிக்காவிற் பிறந்து இந்தியாவையே இல்லமாகக் கொண்ட கமலா நிம்ப்கர் என்னும் அம்மையார், 1950 ஆம் ஆண்டில் பம்பாயின் கே. இ. எம். மருத்துவமனையில் இதற்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார்.

இம்மருத்துவர்கள் தொன்றுதொட்டே கருவி செய்வோராகவும் விளங்கினர். மரம், தோல், கம்பி ஆகியவற்றைக் கொண்டு கரண்டிக்குப் பிடி அமைப்பர். வெந்நீரில் இளகும் பிளாஸ்டிக் தகட்டை நோயாளியின் கைமேல் படியவைத்து, மூட்டைத் தாங்கும் சிம்பு செய்வர். அவர்களுடைய பட்டறைக்கு இன்று ஒரு புதிய துணை வந்துள்ளது. அதுவே முப்பரிமாண அச்சுப்பொறி.

அச்சு என்றதும் தாளும் மையும் நம் நினைவிற்கு வரும். ஆயினும் இப்பொறியின் செயலை அறிய நம் வீட்டு அடுக்களைக்குச் செல்வதே நன்று. அங்கே அன்னை முறுக்கு அச்சில் மாவை இட்டுப் பிழிகின்றார். இழையாக இறங்கும் மாவு வட்டமாகச் சுற்றப்படுகின்றது. அவ்வட்டத்தின்மேல் மற்றொரு வட்டம், அதன்மேல் இன்னொன்று எனச் சுற்றிக்கொண்டே சென்றால் என்னாகும்? சிறு குழாய் ஒன்று எழுந்து நிற்கும். இப்பொறியும் அவ்வாறே இயங்குகின்றது. 1.75 மில்லிமீட்டர் பருமனுள்ள பிளாஸ்டிக் இழை ஏறத்தாழ 200 பாகை வெப்பத்தில் உருகி, நுண்ணிய துளையின் வழியே வெளிவருகின்றது. கணினியில் வரைந்த வடிவத்தின்படி துளை நகர்ந்து நகர்ந்து, ஒரு படலத்தின்மேல் மறுபடலத்தை இடுகின்றது. ஒரு படலத்தின் கனம் பெரும்பாலும் 0.2 மில்லிமீட்டரே. ஆகவே, ஒரு சென்டிமீட்டர் உயரத்திற்கு ஐம்பது படலங்கள் வேண்டும். சில மணி நேரத்தில் பொருள் உருவாகிவிடும்.

ஒளியால் நீர்மத்தை இறுகச்செய்து பொருளை உருவாக்கும் முறைக்கு, அமெரிக்கரான சக் ஹல் 1986 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். இழையை உருக்கி அடுக்கும் முறையை ஸ்காட் கிரம்ப் என்பவர் கண்டார். நெடுங்காலம் இப்பொறிகள் பெருந்தொழிற்சாலைகளிலேயே இருந்தன. 2005 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏட்ரியன் போயர், எவரும் தாமே செய்துகொள்ளத்தக்க பொறியை அமைக்கும் முயற்சியைத் தொடங்கி, அதன் நுட்பங்களை உலகிற்கு வழங்கினார். 2009 ஆம் ஆண்டில் இழைமுறையின் முதன்மைக் காப்புரிமையும் காலாவதியாயிற்று. அதன்பின் பொறியின் விலை குறைந்தது; பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் அது இடம்பெற்றது.

இப்பொறியால் விளைந்த நன்மைக்கு ஒரு சான்று காண்போம். தென்னாப்பிரிக்க நாட்டுத் தச்சர் ரிச்சர்டு வான் ஆஸ் 2011 ஆம் ஆண்டில் வாள் வெட்டி வலக்கை விரல்களை இழந்தார். மனந்தளராத அவர், அமெரிக்காவில் விளையாட்டாக இயந்திரக் கை ஒன்றைச் செய்திருந்த ஐவன் ஓவனின் உதவியை நாடினார். கடல் கடந்த இருவரும் கூடி உழைத்தனர். அவர்தம் முயற்சியின் பயனாக, விரல்களின்றிப் பிறந்த ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனுக்குக் கை கிடைத்தது. மணிக்கட்டை மடக்கினால் விரல்கள் மூடும். நிமிர்த்தினால் அவை விரியும். அவ்வமைப்பைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல், 2013 ஆம் ஆண்டில் யாவரும் எடுத்தாளுமாறு அவர்கள் இணையத்தில் வழங்கினர். குழந்தை வளருந்தோறும் கணினியில் அளவை மாற்றிப் புதிய கை அச்சிடலாம். இத்தகைய கை கனத்த சுமையைத் தூக்காது; எனினும் பந்தைப் பற்றும்.

இனி, இத்துறையைக் கற்கும் மாணவர் ஒருவரின் பணியை நினைத்துப் பார்ப்போம். முடக்குவாதத்தால் விரல் மூட்டுகள் வீங்கிய முதியவள் ஒருத்தி அவரிடம் வருகின்றாள். "என் வீட்டுப் பூட்டை நானே திறக்க வேண்டும், அண்டை வீட்டார் வரும்வரை வாசலிற் காத்திருக்க என்னால் இயலவில்லை" என்கின்றாள். சாவியின் தலை மையத்திலிருந்து ஒரு சென்டிமீட்டரே அகன்றுள்ளது. அதனை மையத்திலிருந்து நான்கு சென்டிமீட்டர் அகன்ற பிடியினுள் பொருத்தினால், நெம்புகோல் விதிப்படி முன்னைய விசையில் காற்பங்கே போதும். இதனைக் கணக்கிட்டு மாணவர் பிடியை வரைந்து அச்சிடுகின்றார். முதற்பிடி படல் படலாகப் பிளந்து முறிகின்றது. மரத்திற்கு நார் ஓடும் திசை உண்டு. அதுபோல அச்சிட்ட பொருளுக்கும் படலங்களின் திசை உண்டு. படலங்களைப் பிரிக்கும் வகையில் விசை தாக்கின் அது எளிதில் முறியும். பிடியைக் கிடத்தி அச்சிட்டபின் அது முறியவில்லை. ஆனால், முதியவளோ, "பிடி வழுக்குகின்றது" என்கின்றாள். மாணவர் விரல்கள் பதியுமாறு பள்ளங்கள் அமைக்கின்றார். மூன்றாம் முறை பூட்டுத் திறக்கின்றது. முறிந்த பிடியும் வழுக்கிய பிடியும் வீணாயினவோ? இல்லை, அவையே அம்மாணவருக்குப் பாடநூல்கள் ஆயின.

இப்பொறியிடம் குறைகளும் உண்டு. சோள மாவிலிருந்து பெறப்படும் பி.எல்.ஏ. என்னும் பிளாஸ்டிக் 60 பாகை வெப்பத்தை ஒட்டி இளகத் தொடங்கும். வெயிலில் நிறுத்திய காரினுள் வைத்தால் வளைந்துவிடும். படலங்களின் இடுக்குகளில் அழுக்கும் கிருமியும் தங்கும். ஆதலின் உணவு தொடும் பகுதிக்கு இது ஏற்றதன்று. கரண்டியின் பிடிக்கே ஏற்றது.

இவற்றினும் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. அதனை உணர்த்தும் வரலாறு நம் வேலூரிலேயே நிகழ்ந்தது. 1946 ஆம் ஆண்டில் அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்டு என்னும் அறுவை மருத்துவர் தொழுநோயாளரின் கைகளை ஆராய்ந்தார். அவர்தம் விரல்கள் தேய்வது நோய் தசையை அரிப்பதால் அன்று. வலியுணர்வு இன்மையால், சூட்டையும் அழுத்தத்தையும் காயத்தையும் அவர்கள் அறியாமையே காரணம் என்று அவர் கண்டார். உணர்விழந்த கையில் பொருந்தாத சிம்பு ஒன்றை மாட்டினால் யாது நேரும்? அது தோலை அழுத்தும். அணிந்தவர் வலியென்று சொல்லார். புண் தோன்றியபின்னரே தீங்கு தெரியும். கணினித் திரையில் குற்றமற்றதாகத் தோன்றும் கருவியும் கைக்குப் பகையாகலாம். ஆகவே, அணிவித்த சிறிது நேரத்தில் அதனைக் கழற்றித் தோல் சிவந்துள்ளதா எனக் கண்ணால் காண்பதும், விரலால் தொட்டுப் பார்ப்பதும் மருத்துவரின் கடமை. இக்கடமையைப் பொறி செய்யாது.

மாணவர்களே! ஒரே அளவில் ஆயிரம் பொருள்களைச் செய்வது தொழிற்சாலையின் ஆற்றல். ஒருவருக்கென ஒரே ஒரு பொருளைச் செய்வது இவ்வச்சுப்பொறியின் ஆற்றல். ஆனால், அந்த ஒருவருக்கு வேண்டுவது யாது என்பதைப் பொறி அறியாது. அருகில் அமர்ந்து அவர் சொல்வதைக் கேட்பவரே அதனை அறிவர். முதியவள் விரும்பியது பிளாஸ்டிக் பிடியை அன்று. தன் வீட்டுக் கதவைத் தானே திறந்து உட்புகும் உரிமையை. அதனை உணர்ந்து செய்த கருவியே கைக்கேற்ற கருவியாகும்.