காற்றில் போன நாடகம்

உங்கள் வீட்டில் பழைய கேசட் இருக்கிறதா? பரண் மேல் பாருங்கள். தகரப் பெட்டிக்குள் பாருங்கள். பாட்டுக் கேசட்டுகளுக்கு நடுவே ஒரு வானொலி நாடகமும் இருக்கலாம். அதன் அருமை என்ன? அதை எப்படிக் காப்பாற்றுவது? மற்றவர்களோடு எப்படிப் பகிர்வது? இந்தப் பாடத்தில் படிப்போம்.

காதால் பார்க்கும் நாடகம்

மேடை நாடகத்தில் நடிகர்களைக் கண்ணால் பார்க்கிறோம். வானொலி நாடகத்தில் குரல் மட்டும்தான் உண்டு. கதவு திறக்கும் சத்தம் கேட்கும். மழை பெய்யும் சத்தம் கேட்கும். வீட்டையும் மழையையும் நம் மனமே வரைந்துகொள்ளும்.

1924 ஜனவரி 15 அன்று லண்டன் பி.பி.சி. வானொலி ஒரு நாடகத்தை ஒலிபரப்பியது. வானொலிக்கென்றே எழுதிய முதல் நாடகங்களில் அது ஒன்று. எழுதியவர் ரிச்சர்ட் ஹியூஸ். கதை ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் நடக்கிறது. திடீரென்று விளக்கு அணைந்துவிடுகிறது. உள்ளே இருப்பவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. கேட்பவர்களுக்கும் எதுவும் தெரியாது. இருவருக்கும் ஒரே இருட்டு! வானொலிக்கு எவ்வளவு பொருத்தமான கதை, பாருங்கள்.

எல்லை தாண்டி வந்த குரல்

எல்லையில் லாரியை நிறுத்தலாம். வானொலி அலையை நிறுத்த முடியாது. பாலக்காட்டில் சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கம் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. இடுக்கியில் மூணாறு, தேவிகுளம், பீருமேடு எஸ்டேட் லயங்களிலும் உண்டு. இவர்கள் கேரளத்தில் வாழ்ந்துகொண்டே தமிழ் வானொலி கேட்டார்கள். 1990களில் தேவிகுளத்திலும் ஒரு வானொலி நிலையம் வந்தது.

சென்னை வானொலி நிலையம் 1938இல் தொடங்கியது. திருச்சி நிலையம் 1939இல் தொடங்கியது. சுகி சுப்பிரமணியம் வானொலிக்குப் பல நாடகங்கள் எழுதினார். இவர் பேச்சாளர் சுகி சிவத்தின் தந்தை.

இலங்கை வானொலியும் கடல் தாண்டி இங்கே கேட்டது. அங்கே சண்முகநாதன் என்பவர் நாடகங்களைத் தயாரித்தார். அவரைச் 'சானா' என்று அழைத்தார்கள். அவருடைய 'லண்டன் கந்தையா' பெயர் பெற்ற நாடகம். ராமதாஸ் எழுதி நடித்த 'கோமாளிகளின் கும்மாளம்' என்ற தொடரும் மக்களுக்குப் பிடித்திருந்தது. அது 1976இல் 'கோமாளிகள்' என்ற திரைப்படமாகவும் வந்தது.

படிக்கத் தெரியாதவருக்கும் வானொலி கதை சொன்னது. அதனால்தான் அந்தக் குரல்கள் பலருக்கு இன்றும் நினைவில் இருக்கின்றன.

நாடகங்கள் எங்கே போயின?

முதலில் பல நாடகங்களை நேரடியாக நடித்தார்கள். நடித்து முடிந்ததும் குரல் காற்றோடு போயிற்று. பிறகு ஒலிநாடா வந்தது. நாடாவின் விலை அதிகம். அதனால் உலகில் பல நிலையங்கள் பழையதை அழித்தன. அதே நாடாவில் புதிய நிகழ்ச்சியைப் பதிந்தன.

லண்டனில் 1955இல் ஒலிபரப்பான நகைச்சுவை நிகழ்ச்சி ஒன்று இப்படித் தொலைந்துபோனது. நிலையத்தில் பிரதி இல்லை. ஆனால் ஒருவர் அதை வீட்டில் பதிந்து வைத்திருந்தார். பழைய நிகழ்ச்சிகளைத் தேடும் ஆர்வலர்கள் அதைக் கண்டெடுத்தார்கள். 2022இல் பி.பி.சி. அதை மீண்டும் ஒலிபரப்பியது.

நிலையத்தில் இல்லாதது ஒரு வீட்டில் இருந்தது! உங்கள் வீட்டுக் கேசட்டும் அப்படிப்பட்டதாக இருக்கலாம்.

அத்தையும் மருமகனும்

மருமகன்: அத்தை, இந்தக் கேசட்டை எல்லாம் ஆக்கிரிக் கடையில போட்டுடவா?

அத்தை: வேண்டாம்ப்பா. உங்க மாமா ரேடியோவுல இருந்து பிடிச்ச நாடகம் அதுல இருக்கு.

மருமகன்: எந்தக் கேசட்டுல இருக்கு? ஒண்ணுலயும் பேர் எழுதலையே?

அத்தை: அப்போ எனக்கு எழுதத் தெரியாது. சத்தத்தைக் கேட்டாச் சொல்லிடுவேன்.

மருமகன்: இப்பத்தான் எழுதத் தெரியுமே! நான் போட்டுக் காட்டுறேன். நீங்க கேட்டு எழுதுங்க, அத்தை.

மருமகன் சொன்னது நல்ல யோசனை. அத்தைக்குக் குரல் தெரியும். அது அவர் நினைவில் மட்டும் இருந்தால், அவரோடு போய்விடும். எழுதி வைத்தால் நிற்கும். பெயர் இல்லாத கேசட், முகவரி இல்லாத கடிதம் போன்றது.

எப்படிக் காப்பது?

1. கேசட்டின் மேல் விளிம்பில் இரண்டு சிறிய பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கும். அவற்றை உடைத்துவிடுங்கள். பிறகு தவறுதலாக அதன் மேல் வேறு எதையும் பதிய முடியாது.

2. நாடாவைப் பாருங்கள். மலைப் பகுதியில் ஈரம் அதிகம். நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருந்தால் ஓட்டாதீர்கள். விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

3. நாடா தளர்ந்திருந்தால் பல் சக்கரத்தில் பென்சிலை விட்டு மெதுவாகச் சுற்றுங்கள்.

4. கேசட்டை வெயிலில் வைக்காதீர்கள். காந்தம் உள்ள ஸ்பீக்கர் அருகிலும் வைக்காதீர்கள்.

5. டேப் ரிக்கார்டரையும் கம்ப்யூட்டரையும் ஒரு வயரால் இணைத்து ஒலியைப் பதியலாம். 90 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிடம் ஓடும். பதியவும் அதே நேரம் ஆகும். பொறுமை வேண்டும்.

6. பதிந்ததை இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள். போனில் மட்டும் வைத்தால், போன் கெட்டால் நாடகமும் போகும். பழைய கேசட்டையும் எறியாதீர்கள்.

எப்படிப் பகிர்வது?

நாடகம் கேட்கும் ஆர்வம் உள்ளவர்கள் வாட்ஸ்அப்பில் குழுவாகச் சேரலாம். ஒருவரிடம் முதல் பகுதி இருக்கும். இன்னொருவரிடம் முடிவு இருக்கும். இரண்டும் சேர்ந்தால் நாடகம் முழுமை பெறும். இலங்கைத் தமிழரின் நூல்களையும் ஒலிப்பதிவுகளையும் 'நூலகம்' என்ற அமைப்பு 2005 முதல் இணையத்தில் சேர்த்து வருகிறது.

ஒன்றை மறக்கக் கூடாது. நாடகத்தை எழுதியவருக்கும் வானொலி நிலையத்துக்கும் அதில் உரிமை உண்டு. இந்தியச் சட்டப்படி, எழுத்தாளர் இறந்த பிறகும் 60 ஆண்டுகள் எழுத்தின் உரிமை அவர் வாரிசுகளுக்கு உண்டு. ஆகவே பதிவை விற்காதீர்கள். எல்லோரும் பார்க்கும் இடத்தில் போடும் முன் அனுமதி கேளுங்கள்.

எழுதிப் பழகுவோம்

ஒரு கேசட்டை எடுத்துக் கேளுங்கள். இந்த விவரங்களை எழுதி உறைக்குள் வையுங்கள்.

நாடகத்தின் பெயர்: ............
வானொலி நிலையம்: ............
ஒலிபரப்பான தேதி, ஆண்டு: ............
எழுதியவர்: ............
நடித்தவர்கள்: ............
பதிவு செய்தவர், ஊர்: ............

தெரியாத இடத்தில் 'தெரியாது' என்றே எழுதுங்கள். ஊகித்து எழுதாதீர்கள். தவறான பெயரை எழுதினால் அடுத்தவர் அதையே நம்பிவிடுவார். தெரியாது என்று எழுதினால் தெரிந்தவர் வந்து நிரப்புவார்.

கலந்து பேசுவோம்

1. நீங்கள் கேட்ட வானொலி நாடகம் எது? யாருடைய குரல் நினைவில் இருக்கிறது?
2. வானொலி நிலையங்கள் பழைய நாடாக்களை ஏன் அழித்தன?
3. உங்கள் ஊரில் யார் வீட்டில் பழைய கேசட்டுகள் இருக்கும்? அவற்றைக் கேட்டு எழுத யாரை அழைப்பீர்கள்?