வட்டு பழுதானாலும் பதிவுகள் அழியாமல் இருக்க

பள்ளிக் கணினி ஆய்வகச் சேமிப்பகத்துக்கு வட்டு வாங்கும்போது "எத்தனை டிபி?" என்று கேட்கிறோம். "ஒரு வட்டு பழுதானால் என்ன ஆகும்?" என்றும் கேட்க வேண்டும். மாணவர்களின் செய்முறைக் கோப்புகளும் மதிப்பெண் பதிவுகளும் அதில்தான் இருக்கின்றன.

பல வட்டுகளை ஒன்றாக இணைக்கும் முறைக்கு 'ரெய்டு' என்று பெயர். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் ஆகியோர் 1988ஆம் ஆண்டுக் கட்டுரையில் இதை விளக்கினர்.

வகுப்பறைச் செயல்பாடு

கெங்குவார்பட்டியில் என் எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு இதை அட்டைகளால் கற்பிக்கிறேன். மூன்று மாணவர்களிடம் 0 அல்லது 1 எழுதிய அட்டைகளைக் கொடுக்கிறேன். மொத்த 1களின் எண்ணிக்கை இரட்டைப்படையாகும்படி நான்காவது அட்டையை வகுப்பே முடிவுசெய்யும். 1, 0, 1 என்றால் நான்காவது 0. முதல் மாணவரை வெளியே அனுப்பினால் மிஞ்சுவது 0, 1, 0. போன அட்டை 1 என்று உடனே சொல்லிவிடுகிறார்கள். இருவரை அனுப்பினால் விடை கிடைப்பதில்லை. ரெய்டு 5 இப்படித்தான் இயங்குகிறது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

தலா 2 டிபி கொண்ட நான்கு வட்டுகள் இருப்பதாகக் கொள்வோம்.

* ரெய்டு 0: 8 டிபி கிடைக்கும், வேகம் மிகுதி. ஒரு வட்டு பழுதானாலே அனைத்தும் போய்விடும்.
* ரெய்டு 5: 6 டிபி. ஒரு வட்டின் பழுதைத் தாங்கும். சிறு மாற்றத்துக்கும் இரண்டு முறை படித்து, இரண்டு முறை எழுத வேண்டியிருப்பதால் எழுதும் வேகம் குறையும்.
* ரெய்டு 6: 4 டிபி. எந்த இரண்டு வட்டுகள் பழுதானாலும் தாங்கும். எழுதுவது இன்னும் மெதுவாகும்.
* ரெய்டு 10: 4 டிபி. வட்டுகள் இணை இணையாக ஒரே தகவலை வைத்திருக்கும். இரண்டு முறை எழுதினால் போதும். ஒரே இணையின் இரண்டும் பழுதானால் இழப்புதான்.

மாணவர்கள் ஒரே நேரத்தில் சிறு கோப்புகளைச் சேமிக்கும் ஆய்வகத்துக்கு ரெய்டு 10 ஏற்றது. காணொலிப் பாடங்களைப் பார்ப்பதே மிகுதி என்றால் ரெய்டு 5 போதும். இரண்டே வட்டுகள் என்றால், இரண்டிலும் ஒரே தகவலை வைக்கும் ரெய்டு 1.

மறக்கக் கூடாதவை

ரெய்டு காப்புப் பிரதி ஆகாது. மாணவர் ஒரு கோப்பைத் தவறுதலாக அழித்தால் எல்லா வட்டுகளிலும் அது அழியும். இடி, திருட்டு, வைரஸ் ஆகியவற்றுக்கும் ரெய்டு பாதுகாப்பு தராது. வாரம் ஒருமுறை வெளிவட்டில் பிரதி எடுத்து வேறு கட்டடத்தில் வையுங்கள். ஒரு வட்டு பழுதான பின்பும் கணினி வழக்கம்போல் இயங்கும். ஆகவே வட்டுகளின் நிலையை வாரந்தோறும் பார்த்து, பழுதானதை உடனே மாற்றுங்கள்.

சிந்திக்க

யாரும் வெளியேறாமல், ஒருவர் மட்டும் தன் அட்டையை ரகசியமாக மாற்றினால்? பிழை நடந்தது தெரியும்; யார் செய்தார் என்பது தெரியாது. ஏன் என்பதை மாணவர்களே சொல்லட்டும்.