பூஸ்ட்டைக் கூட்டும் முன்

பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு,

போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் மூன்று பேரும் ஒரு போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தீர்கள். வீடியோவில் அமெரிக்காவில் எவனோ தன் டீசல் பிக்கப்புக்குப் பின்னால் பெரிய டிரெய்லரை மாட்டிக்கொண்டு டர்போ பூஸ்ட்டை ஏற்றிக்கொண்டே போகிறான். கடைசியில் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவிலிருந்து ஆவி பீச்சுகிறது. பார்த்துச் சிரித்தீர்கள். சிரித்து முடித்ததும் உங்களில் ஒருவன் என்னிடம் வந்து, "நம்ம ரெக்கவரி வண்டிக்கும் பூஸ்ட் கூட்டலாங்களா?" என்று கேட்டான். "போயி ரேடியேட்டரைக் கழுவு" என்று அனுப்பிவிட்டேன். அது பாதிப் பதில். மீதியை எழுதித் தருகிறேன்.

1. முதலில் கணக்கு. நம் வண்டியில் இருப்பது கம்மின்ஸ் 5.9. போர் 102 மில்லிமீட்டர். அந்த வட்டத்தின் பரப்பு 82 சதுர சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. டீசல் எரியும்போது சதுர சென்டிமீட்டருக்கு 100 கிலோ அழுத்தம் என்று வைத்துக்கொண்டாலே, ஒரு சிலிண்டர் ஹெட்டை மேலே தள்ளும் பாரம் எட்டு டன்னுக்கு மேல். அதுவே 140 ஆனால் பதினொன்றரை டன்னுக்குப் பக்கம். 2,000 ஆர்.பி.எம்.மில் ஓடும்போது இந்த இடி ஒவ்வொரு சிலிண்டரிலும் நிமிடத்துக்கு ஆயிரம் தடவை விழுகிறது. இதைத் தாங்குவது கேஸ்கட் என்று நினைக்காதீர்கள். அதன் வேலை நசுங்கிக்கொண்டு சந்தை அடைப்பதுதான். தாங்குவது போல்ட். முறுக்க முறுக்க போல்ட் மயிரிழை அளவு நீள்கிறது, நீண்டது திரும்பச் சுருங்கப் பார்க்கிறது. அந்தச் சுருக்கம்தான் பிடி. பூஸ்ட்டைக் கூட்டினால் தள்ளுவது ஏறும். பிடி நேற்று இருந்த அளவுதான் இருக்கும்.

2. மீட்டரில் ஒரு கிலோ பூஸ்ட் காட்டினால், வெளிக்காற்றைப் போல இரண்டு பங்கு அழுத்தத்தில் காற்று உள்ளே போகிறது என்று பொருள். பிஸ்டன் அமுக்க ஆரம்பிக்கும் முன்பே அழுத்தம் இரட்டித்துவிட்டது. ஆனால் காற்று மட்டும் கூடினால் இழுவை வராது. அதனால் பம்பில் டீசலையும் கூட்டுவார்கள். கேஸ்கட்டின் கழுத்தை நெரிப்பது இந்த இரண்டும் சேர்ந்த கூட்டணி. பூஸ்ட்டைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட் ராடின் நீளத்தை மாற்றுவது ஐந்து நிமிட வேலை என்று யாராவது சொல்லித் தந்தால் கேட்டுக்கொள்ளுங்கள், கையை வைக்காதீர்கள்.

3. பூஸ்ட் குறைந்தாலும் கேஸ்கட் போகும். இதைப் பட்டறையில் பல பேர் நம்பமாட்டார்கள். ஒரு வண்டிக்கு எட்டு மாதத்தில் இரண்டு கேஸ்கட் மாற்றினோம். மாற்றியவன் நான். மூன்றாம் தடவை ஹெட்டைக் கழற்றப் போகும்போதுதான் இண்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸைக் கையால் தடவிப் பார்த்தேன். கிளாம்புக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில், விரல் நீளத்துக்குக் கிழிசல். ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு. டர்போ அமுக்கி அனுப்பிய காற்றில் ஒரு பங்கு வெளியே போய்க்கொண்டிருந்தது. பம்பு மட்டும் தன் பங்கு டீசலைக் குறைக்காமல் ஊற்றிக்கொண்டிருந்தது. கருப்புப் புகையைப் பார்த்த டிரைவர் நாசில் பிரச்சினை என்றார், நானும் தலையாட்டினேன். காற்று போதாமல் எரிந்தால் புகைபோக்கிப் பக்கம் சூடு ஏறுகிறது. அந்தச் சூட்டில் ஹெட் வளைகிறது. வளைந்த ஹெட்டுக்கு அடியில் புதுக் கேஸ்கட் எத்தனை நாள் நிற்கும்? ஹோஸின் விலையை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

4. ரெக்கவரி வண்டியின் பாடு வேறு. லோடு லாரி மேடேறினாலும் இறக்கத்தில் மூச்சு விடும். நாம் திம்பம் மலைப்பாதையில் ஒரு லாரியைப் பின்னால் கட்டிக்கொண்டு பண்ணாரியிலிருந்து ஏறும்போது 27 கொண்டை ஊசி வளைவுக்கும் எஞ்சினுக்கு ஓய்வு கிடையாது. வேகமோ ஆள் நடக்கும் வேகத்துக்குக் கொஞ்சம் மேல். எதிர்க்காற்று ரேடியேட்டருக்கு வராது, ஃபேன் இழுப்பது மட்டும்தான். இதில் கியரைக் குறைக்கச் சோம்பல்பட்டு, ஆர்.பி.எம். விழ விழ ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு மிதித்தால், சிலிண்டருக்குள் அழுத்தம் உச்சத்தில் இருக்கும், தண்ணீர் பம்போ மெதுவாகச் சுற்றும். இதைவிடக் கெட்ட சேர்க்கை கிடையாது. ஒரு கியர் குறைத்து எஞ்சினைத் தாராளமாகச் சுற்ற விடுங்கள். சத்தம் கூடும். கூடட்டும்.

5. மேலே போய் நின்றதும் சாவியைத் திருப்பாதீர்கள். இரண்டு மூன்று நிமிடம் ஐடிலில் விடுங்கள். டர்போ ஷாஃப்ட் நிமிடத்துக்கு லட்சம் சுற்றை நெருங்கிச் சுற்றி வந்தது. ஆயில் சட்டென்று நின்றால் அங்கேயே கருகும்.

6. அந்த அமெரிக்க வீடியோவுக்கு வருகிறேன். அங்கே ஃபோர்டு 6.0 பவர் ஸ்ட்ரோக் என்று ஒரு எஞ்சின், 2003-லிருந்து 2007 வரை பெரிய பிக்கப் வண்டிகளில் வந்தது. கேஸ்கட் விஷயத்தில் அதன் பெயர் அங்கே ரிப்பேர்தான். நம் 5.9-ஐப் பாருங்கள், ஒவ்வொரு சிலிண்டரைச் சுற்றியும் ஆறு போல்ட். அந்த 6.0-இல் நான்குதான். போல்ட்டும் முறுக்கும்போதே நிரந்தரமாக நீண்டுவிடும் வகை. இதோடு நிற்கவில்லை. அதன் ஆயில் கூலர் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் அடுத்திருக்கும், புகையைக் குளிர்விக்கும் இ.ஜி.ஆர். கூலருக்குத் தண்ணீர் போகாது, அது வெந்து வெடிக்கும், தண்ணீர் சிலிண்டருக்குள் வரும். பலர் போல்ட்டை எடுத்துவிட்டு வலுவான ஸ்டட் போட்டார்கள். நல்ல வேலைதான். ஆனால் கூலர் அடைப்பை அப்படியே விட்டுவிட்டு ஸ்டட் மட்டும் போடுவது, ஓடு ஒழுகும் வீட்டில் கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போடுகிற மாதிரி. நம் 5.9-இன் குடும்பமும் அங்கே 1989-லிருந்து டாட்ஜ் பிக்கப்பில் இழுவைக்குப் பெயர் வாங்கியதுதான். போல்ட் எண்ணிக்கையும் அதற்கு ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

7. கேஸ்கட் போயிருக்கிறதா என்று பார்க்க ஹெட்டைக் கழற்ற வேண்டாம். காலையில் எஞ்சின் பச்சைத் தண்ணீராகக் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்யுங்கள். குமிழி விடாமல் வருகிறதா பாருங்கள். மூடியைப் போட்டு ஓட்டினால், தண்ணீர் சூடாகும் முன்பே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகுகிறதா அமுக்கிப் பாருங்கள். சூட்டில் இறுகினால் அது இயல்பு. குளிரில் இறுகினால் எரியும் வாயு தண்ணீருக்குள் புகுந்துவிட்டது. சமதரையில் ஒழுங்காக ஓடி, மேட்டில் மட்டும் தண்ணீரை வெளியே தள்ளும் வண்டிக்கும் பெரும்பாலும் இதே நோய்தான். சூடான மூடியை மட்டும் எவன் அவசரப்படுத்தினாலும் திறக்காதீர்கள். என் இடது முன்கையில் இருக்கும் வெள்ளைத் தழும்பு எப்படி வந்தது என்று நீங்கள் யாரும் கேட்டதில்லை. ஒன்பதாவது வளைவில் வந்தது.

8. பூட்டும் வேலையில்தான் தொழில் இருக்கிறது. ஹெட்டில் கேஸ்கட் படியும் பக்கத்தின் மேல் நேர்க்கட்டையை வைத்து ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள், நீளவாட்டில், அகலத்தில், குறுக்கே மூலைக்கு மூலை. அளவு மீறினால் லேத்துக்கு அனுப்புங்கள். எமரித் தாளைப் போட்டு பிளாக்கைத் தேய்க்காதீர்கள். அந்தத் துகள் ஆயிலோடு போய் பேரிங்கைத் தின்றுவிடும். லைனர் எஞ்சினாக இருந்தால் லைனர் பிளாக்கைவிட எவ்வளவு தூக்கி நிற்கிறது என்று டயல் கேஜ் வைத்து ஒவ்வொன்றாக அளக்க வேண்டும். ஒன்று தாழ்ந்திருந்தாலும் அங்கேதான் முதலில் ஊதும்.

போல்ட் ஓட்டைகளை மறந்துவிடாதீர்கள். அடி மூடிய ஓட்டையில் ஒரு ஸ்பூன் ஆயிலோ தண்ணீரோ நின்றாலும், போல்ட் இறங்கும்போது அதற்குப் போக வழி இல்லை. டார்க் ரெஞ்சு 'டக்' என்று சொல்லிவிடும். ஆனால் அது முறுக்கின அளவு, பிடியின் அளவு அல்ல. நான் தொழில் கற்ற பட்டறையில் ஒருவன் இப்படிப் பூட்டி பிளாக்கையே விரிசல் விட வைத்தான். அன்று மேஸ்திரி யாரையும் திட்டவில்லை, ஒரு துணியைக் கம்பியில் சுற்றி அடுத்த எஞ்சினின் ஓட்டை ஒவ்வொன்றிலும் விட்டு எடுத்துக் காட்டினார். துணி நனைந்து வந்தது. அன்றிலிருந்து நான் காற்றடித்து, துணி விட்டு, பிறகுதான் போல்ட்டைக் கையில் எடுப்பேன்.

9. முறுக்குவது நடுவிலிருந்து வெளியே, படிப்படியாக, அந்த எஞ்சினின் புத்தகத்தில் உள்ள அளவில். முடித்த போல்ட்டின் தலையில் பெயின்ட் புள்ளி வையுங்கள், டீ குடிக்கப் போய் வந்தால் எது விட்டது என்று தெரியாது. கோணக் கணக்கில் முறுக்கும் நீளும் போல்ட்டை இரண்டாம் தடவை போடக்கூடாது. பழைய வகைக் கேஸ்கட்டுக்கு ஓடிய பிறகு திரும்ப முறுக்க வேண்டும், புது ஸ்டீல் அடுக்குக் கேஸ்கட்டுக்கு வேண்டாம். எது எது என்று பெட்டிக்குள் இருக்கும் தாளைப் படியுங்கள். பெட்டியைக் கிழித்துத் தாளை எறிகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது.

10. 2022-இல் திம்பத்தில் இரவில் கனரக வண்டிகளுக்குத் தடை வந்த பிறகு, தடை நேரம் தொடங்கும் முன் மலையைக் கடந்தாக வேண்டும் என்று முதலாளிகள் போனில் விரட்டுவார்கள். "கேஸ்கட் மட்டும் மாத்திக் குடுங்க, மத்ததைப் பொறவு பாத்துக்கலாம்" என்பார்கள். "ஏனுங்க, கேஸ்கட் எதனால போச்சுன்னு தெரியாம எப்படிங்க மாத்தறது?" என்று மரியாதையாகக் கேளுங்கள். ரேடியேட்டர் சேறு, ஃபேன், ஹோஸ், வேஸ்ட்கேட், பம்பு என்று பார்த்ததை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போடாத முதலாளியின் வண்டியை நான் பூட்டியதில்லை. இரண்டு பேர் என்னைவிட்டுப் போனார்கள், போகட்டும்.

11. பூட்டிய வண்டியை லோடு கட்டி நீங்களே ஏற்றுங்கள். பூஸ்ட் மீட்டரில் ஒரு கண், சூட்டு மீட்டரில் ஒரு கண். மேலே ஆசனூர் போனதும் ஓரம் கட்டி, ஐடிலில் விட்டு, கேபினைத் தூக்கி, ஹெட்டும் பிளாக்கும் சேரும் கோட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரம் இல்லாவிட்டால் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுங்கள். நான் படுத்துக்கொள்கிறேன்.