கையெழுத்து அருவிக்குத்தான், அலட்சியத்துக்கு இல்லை

கேள்வி: கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கிறேன். சால்ட் லேக்கில் வேலை. சென்ற ஆகஸ்டில் ‘ஒருநாள் கேன்யோனிங்’ என்ற விளம்பரத்தைப் பார்த்து, ஆளுக்கு 3,800 ரூபாய் கட்டி அலுவலக நண்பர்களோடு போனேன். நடத்திய நிறுவனத்தின் அலுவலகமும் கொல்கத்தாவில்தான். அதிகாலையில் ஹவுராவில் ரயிலேறி, ஜார்க்கண்டில் இறங்கி, ஒரு காட்டோடைக்கு நடத்திக்கொண்டு போனார்கள். தண்ணீரில் கால் வைக்கப் போகும்போது ஒரு தாளை நீட்டி, கையெழுத்துக் கேட்டார்கள். ‘எந்த விபத்துக்கும் நிறுவனம் பொறுப்பல்ல’ என்று அதில் இருந்தது. எல்லோரும் போட்டோம். 22 பேருக்கு 2 வழிகாட்டிகள். முதல்நாள் இரவு நல்ல மழை. அருவிப் பாறையில் கயிற்றைப் பிடித்து இறங்கும்போது, மேலே கயிறு கட்டியிருந்த பிடிமானம் கழன்று பத்தடி கீழே விழுந்தேன். கணுக்கால் இரண்டு இடத்தில் முறிந்தது. அறுவை சிகிச்சைக்கு 2.4 லட்சம் செலவு. கேட்டால் நிறுவனம் கையெழுத்தைக் காட்டுகிறது. மருத்துவக் காப்பீட்டு நிறுவனமோ, ‘சாகச விளையாட்டு’ என்று சொல்லிக் கிளைமை மறுத்துவிட்டது. எனக்கு வழி உண்டா?

பதில்: கணுக்காலைவிட அந்த ஒற்றைத் தாள்தான் வாசகருக்கு அதிக வலியைத் தருகிறது என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. ஆகவே தாளிலிருந்தே தொடங்கலாம்.

அச்சடித்த நிபந்தனையைக் காட்டிப் பொறுப்பைத் தட்டிக்கழிப்பது நம் ஊரில் பழைய பழக்கம். சென்னை உயர் நீதிமன்றத்தில் ‘லில்லி ஒயிட் எதிர் முனுசாமி’ என்றொரு வழக்கு உண்டு. 1966ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் இருக்கிறது. சலவைக்குப் போட்ட புதுச் சேலை தொலைந்துபோனது. துணி தொலைந்தால் சந்தை விலையில் 15 சதவீதம் மட்டுமே கேட்கலாம் என்று ரசீதில் அச்சடித்திருந்தார்கள். இந்த நிபந்தனையை ஏற்றுக்கொண்டால், 15 சதவீத விலைக்கு வாடிக்கையாளரின் சேலையைக் கடைக்காரரே எடுத்துக்கொள்ள வழி பிறந்துவிடும். இது பொதுநலக் கொள்கைக்கு முரண் என்று நீதிமன்றம் அதைத் தள்ளியது. சேலைக்கே அந்த நியாயம் என்றால், காலுக்கு இன்னும் கூடுதலாகவே பொருந்தும்.

அடுத்த வழக்கு வாசகரின் ஊர்க்காரர்களுடையது. கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய உள்நாட்டு நீர்வழிப் போக்குவரத்துக் கழகம், நிரந்தர ஊழியரையும் மூன்று மாத நோட்டீஸ் கொடுத்துக் காரணம் சொல்லாமலே வீட்டுக்கு அனுப்பலாம் என்று ஒரு விதி வைத்திருந்தது. பிரஜோநாத் கங்குலி என்ற அதிகாரி எதிர்த்து வழக்காட, 1986இல் உச்ச நீதிமன்றம் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவைக் கொண்டு அந்த விதியைச் செல்லாது என்றது. பேரம் பேசும் வலிமை சமமாக இல்லாத இருவருக்குள், பலசாலி நீட்டிய தாளில் மற்றவர் வேறு வழியின்றிப் போடும் கையெழுத்தால், மனசாட்சிக்கு ஒவ்வாத நிபந்தனை நியாயமாகிவிடாது. சம வலிமையுள்ள இரண்டு வியாபாரிகளின் ஒப்பந்தத்துக்கு இது பொருந்தாது என்பதையும் நீதிமன்றம் சேர்த்தே சொன்னது. ரயிலில் வந்து, காட்டுக்குள் நடந்து, உடை மாற்றிக்கொண்டு நிற்கிற ஒருவரிடம் ஓடைக்கரையில் நீட்டப்படும் தாள் எந்த வகை என்று விளக்கத் தேவையில்லை. மறுத்திருந்தால் கட்டிய பணமும் போய், சாயங்காலம்வரை பாறைமேல் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அந்தத் தாள் வெறும் காகிதம் என்று நினைத்துவிடக் கூடாது. மலையிடுக்கில் ஓடும் ஓடையில் நடந்தும் நீந்தியும் கயிற்றில் இறங்கியும் போவதுதான் கேன்யோனிங். அதில் பாறை வழுக்கும், தண்ணீர் குளிரும், முட்டி சிராய்க்கும். தெரிந்தே இதையெல்லாம் ஏற்றவர் பிறகு குறை சொல்ல முடியாது. குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 25ஆவது பிரிவும் இதே வழிதான்: 18 வயது தாண்டியவர் சம்மதித்த செயலில், மரணமோ கொடுங்காயமோ விளைவிக்கும் எண்ணமும் அது நேரும் என்ற அறிவும் செய்தவருக்கு இல்லாதபோது, நேரும் தீங்கு குற்றமாகாது. அதற்குச் சட்டம் தரும் உதாரணமே இரண்டு பேர் பொழுதுபோக்குக்காக வாள் வீசி விளையாடுவது. விளையாட்டு ஒழுங்காக நடக்கையில் நேரும் காயத்துக்குத்தான் அந்தச் சம்மதம். முறைகேடாக ஆடினால் இல்லை. வாசகர் சம்மதித்தது ஓடையின் ஆபத்துக்கு. பிடிமானத்தைச் சோதிக்காமல் கயிறு மாட்டியவரின் அலட்சியத்துக்குச் சம்மதித்ததாக ஆகாது. ஈரப்பாறையில் கால் நழுவி விழுந்திருந்தால் இந்தப் பதில் இரண்டு வரியில் முடிந்திருக்கும், அதுவும் வாசகருக்குப் பாதகமாக.

இந்த வேறுபாட்டை உலகத்துக்கு உறைக்க வைத்தது சுவிட்சர்லாந்தில் இன்டர்லாகன் அருகே உள்ள சாக்செட்டன்பாக் ஓடை. 1999 ஜூலை 27 அன்று மேல்மலையில் இடிமழை. கீழே ஓடைக்குள் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள் இருந்தார்கள். திடீரென்று வந்த வெள்ளம் வழிகாட்டிகள் மூவர் உட்பட 21 பேரை அடித்துக்கொண்டு போனது. வெள்ளம் இயற்கையுடையது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆயினும் மழைக்குறி தெரிந்தும் பயணத்தை நிறுத்தாதது மனிதர்களின் முடிவு என்று கண்டு, 2001 டிசம்பரில் அங்குள்ள நீதிமன்றம் நிறுவனத்தைச் சேர்ந்த ஆறு பேரை அலட்சியத்தால் மரணம் விளைவித்ததாகத் தண்டித்தது. அதன் பின்விளைவாக மலை வழிகாட்டிகளுக்கும் ஆபத்தான விளையாட்டுகளுக்கும் தனிச்சட்டமே வந்து, 2014 ஜனவரி முதல் அமலில் இருக்கிறது. அனுமதியும் காப்பீடும் இல்லாமல் கேன்யோனிங்கை அங்கே தொழிலாக நடத்த முடியாது.

இந்தியாவில் அப்படியொரு மத்தியச் சட்டம் இல்லை. மத்திய சுற்றுலா அமைச்சகம் 2018இல் சாகசச் சுற்றுலாவுக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அவை நெறிகள், சட்டம் அல்ல. அதே 2018 ஜூனில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம், கொள்கை வகுக்கும்வரை ராஃப்டிங்கையும் பாராகிளைடிங்கையும் நிறுத்தி வைத்தது. தமிழ்நாட்டுக்கு அந்த ஆண்டு மார்ச் 11 மறக்க முடியாத நாள். தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றத்துக்குப் போனவர்கள் இருபதுக்கும் மேல் இறந்தார்கள். பிறகுதான் மாநில அரசு மலையேற்றத்துக்கு விதிகள் கொண்டு வந்தது. நம் ஊர் வழக்கம் இது: முதலில் சாவு, பிறகு விதி.

விதி இல்லை என்பதால் பொறுப்பும் இல்லை என்று ஆகிவிடாது. இமாச்சலில் தலௌட் அருகே பியாஸ் ஆற்றில் 2014 ஜூன் 8 அன்று, லார்ஜி அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீரில் ஹைதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேர் அடித்துச் செல்லப்பட்டார்கள். குடும்பத்துக்குத் தலா 20 லட்சம் தரச் சொன்ன இமாச்சல் உயர் நீதிமன்றம், அந்தச் சுமையை மின்வாரியத்துக்கு 60, கல்லூரிக்கு 30, மாநில அரசுக்கு 10 சதவீதம் என்று பங்கு பிரித்தது. கூட்டிக்கொண்டு போனவர் வேறு, தண்ணீரைத் திறந்தவர் வேறு. இருவரும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. வாசகர் விஷயத்திலும் விளம்பரம் செய்தது ஒரு நிறுவனம், கயிறு கட்டியது உள்ளூரில் அமர்த்திய ஆள் என்று பின்னால் சொல்லக்கூடும். இருவரையும் எதிர்மனுதாரராகச் சேர்ப்பதே புத்திசாலித்தனம்.

எங்கே போவது? ஜார்க்கண்டுக்கு அலைய வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் 34ஆவது பிரிவு, புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே, அல்லது வேலை பார்க்கும் இடத்திலேயே, புகார் கொடுக்கலாம் என்கிறது. 1986ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் இந்தச் சலுகை கிடையாது. எந்த ஆணையம் என்பதும் கேட்கும் இழப்பீட்டை வைத்து அல்ல, கட்டிய பணத்தை வைத்தே முடிவாகும். இந்தக் கணக்குமுறை சரிதான் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆக 3,800 ரூபாய் கட்டியவர் எட்டு லட்சம் இழப்பீடு கேட்டாலும் மாவட்ட ஆணையமே போதும். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் புகார்க் கட்டணமும் இல்லை. ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று தாளையே செல்லாததாக அறிவிக்கக் கேட்க வேண்டுமானால் மட்டும் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். அது மிர்சா காலிப் தெருவில், பழையவர்கள் வாயில் ஃப்ரீ ஸ்கூல் ஸ்ட்ரீட்டில், க்ரேதா சுரக்ஷா பவனில் இருக்கிறது. சேவைக் குறைபாடு என்று மாவட்ட ஆணையத்தில் தொடுத்து, தாளை எதிர்த்தரப்பு காட்டும்போது ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவைச் சொல்லி மடக்குவதே இந்த வழக்குக்குப் போதுமானது.

காலக்கெடு விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு. மூன்று மாதத்தில் புகாரை முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் எழுதி வைத்திருக்கிறது. வாசகர் அந்த மூன்று மாதத்தை நம்பி விடுமுறைத் திட்டம் எதையும் போட வேண்டாம்.

வழக்கின் உயிர் ஆதாரத்தில்தான் இருக்கிறது. மழை பெய்தது என்று வாயால் சொன்னால் எடுபடாது. இந்திய வானிலைத் துறையில் அந்தப் பகுதியின் முதல்நாள் மழைப்பதிவை எழுதிக் கேட்டு வாங்க வேண்டும். 22 பேருக்கு 2 வழிகாட்டிகள் என்பதை வாட்ஸ்அப் குழுவின் பட்டியலும் ரயில் டிக்கெட்டுகளும் காட்டிவிடும். வழிகாட்டிகள் எங்கே பயிற்சி பெற்றவர்கள் என்று வக்கீல் நோட்டீஸிலேயே கேட்டுவிடலாம். கொல்கத்தா மலையேற்ற வட்டாரத்தில் இந்தக் கேள்வி புதிதல்ல. பாங்குராவின் சுசுனியா மலைக்கு மாணவர்களைக் கயிற்றேறப் பழக்கக் கூட்டிப்போகும் கழகங்கள் அங்கே நிறைய. டார்ஜிலிங்கில் மலையேற்றப் பயிற்சி தரும் ஹிமாலயன் மவுண்டனீரிங் இன்ஸ்டிடியூட் 1954 முதல் நடக்கிறது. சான்றிதழ் இருந்தால் காட்டட்டும். காப்புக்காடாக இருந்தால் வனத்துறை அனுமதியையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அனுமதியின்றிக் கூட்டிப் போயிருந்தால் அதுவே அவர்கள் அலட்சியத்துக்கு ஒரு சாட்சி.

நண்பர்கள் யாராவது விழுந்த காட்சியைப் படம்பிடித்திருந்தால், அதை வெட்டி ஒட்டாமல் எடுத்த போனோடு பத்திரப்படுத்தட்டும். சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமின் 63ஆவது பிரிவின்படி மின்னணு ஆதாரத்தோடு ஒரு சான்றிதழும் இணைக்க வேண்டும். நல்ல வீடியோ இருந்தும் இந்தச் சான்றிதழ் இல்லாமல் தடுமாறிய வழக்குகள் ஏராளம். எதிர்த்தரப்பு, ‘அவர் ஹார்னஸைச் சரியாக மாட்டவில்லை, சொன்னதைக் கேட்கவில்லை’ என்று ஒரு கதை சொல்லும். உண்மை கொஞ்சம் அதில் இருந்தால் இழப்பீடு குறையலாம். வாசகர் இதைத் தன் வக்கீலிடம் மறைக்கக் கூடாது.

காப்பீட்டு மறுப்பு தனிக் கதை. அதில் வாசகரின் நிலை இன்னும் பலமானது. காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையம் மருத்துவக் காப்பீடுகளுக்கு வகுத்த நிலையான விலக்குப் பட்டியலில் ஒன்பதாவது விலக்கு சாகச விளையாட்டு. பாறையேற்றம், மலையேற்றம், ராஃப்டிங் எல்லாம் அதில் பெயர் சொல்லி இருக்கின்றன. ஆனால் ‘தொழில்முறையாக’ அவற்றில் கலந்துகொள்வதால் வரும் சிகிச்சைச் செலவே விலக்கு. ஒருநாள் பொழுதுபோக்குக்குப் போன அலுவலக ஊழியர் தொழில்முறை வீரர் அல்ல. வாசகரின் பாலிசியிலும் இதே வாசகம் இருக்கிறதா என்று பார்த்து, நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ மறுபடி மறுத்தாலோ, கொல்கத்தாவிலேயே இருக்கும் காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் ஓராண்டுக்குள் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. விபத்துக் காப்பீடு தனியாக எடுத்திருந்தால் அதன் விலக்குகள் வேறு மாதிரி இருக்கும், அதை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

காவல் நிலையம் போவது பற்றி வாசகர் கேட்கவில்லை, ஆனாலும் அந்த யோசனை வராமல் இருந்திருக்காது. எலும்பு முறிவு சட்டத்தின் கணக்கில் கொடுங்காயம். பிறர் பாதுகாப்பைப் பொருட்படுத்தாமல் நடந்து அதை விளைவித்தால் பாரதிய நியாய சன்ஹிதா 125ஆவது பிரிவில் மூன்று ஆண்டுவரை சிறை உண்டு. எஃப்ஐஆரைக் கொல்கத்தாவிலேயே பதிந்து ஜார்க்கண்டுக்கு மாற்றச் சொல்லலாம். ஆனால் பணம் வாங்குவதற்காக மட்டும் அந்தக் கதவைத் தட்டுவது நல்ல யோசனை இல்லை. குற்ற வழக்கில் அலட்சியத்தை நிரூபிக்க வேண்டிய அளவு நுகர்வோர் ஆணையத்தில் வேண்டியதைவிட மிக அதிகம். அங்கே தோற்றால் இங்கே அது எதிர்த்தரப்பின் கைக்குப் போகும்.

முதல் வேலையாக, நடக்கக்கூடிய ஒரு நண்பரை அந்த ஓடைக்கு அனுப்பி, கழன்ற பிடிமானம் இருந்த பாறையைப் படமெடுத்து வரச் சொல்ல வேண்டும். அடுத்த மழைக்காலத்தில் அந்த இடம் இப்போதிருப்பது போலவே இருக்கும் என்று சொல்ல முடியாது.