ஊட்டியில் எந்தப் பக்கம் ரூம் போடலாம்?

கேள்வி: பொங்கலுக்குத் தறி நிற்கும் நாட்களில் குடும்பத்தோடு ஊட்டி போகலாம் என்றிருக்கிறோம். நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர், கூடவே 70 வயது மாமியார். அவருக்கு மூட்டுவலி. சொந்தக் காரில் போய் மூன்று ராத்திரி தங்குவதாக ஏற்பாடு. பஸ் ஸ்டாண்ட் பக்கம் வாடகை குறைவு என்கிறார்கள் சிலர். ஊரைவிட்டுத் தள்ளி காட்டேஜ் எடுங்கள் என்கிறார்கள் சிலர். எங்கே தங்கினால் நல்லது?
— வாசகி, பல்லடம்

பதில்: உங்கள் மாமியாரின் முழங்காலை முன்னிட்டு முடிவெடுங்கள் சகோதரி. பல்லடம் சமதரை. ஊட்டி அப்படியல்ல, மேப்பில் பக்கத்தில் தெரியும் விடுதிக்கு வாசலிலிருந்தே செங்குத்தான ஏற்றமும் படிக்கட்டும் இருக்கும்.

அந்த ஊர் அமைந்த விதம் அப்படி. கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1822இல் கட்டத் தொடங்கிய ஸ்டோன் ஹவுஸ் மேட்டில் நிற்கிறது. இன்று அது அரசு கலைக் கல்லூரியில் இருக்கிறது. பின்னால் வந்த வெள்ளைக்காரர்களும் மேடு பார்த்தே பங்களா கட்டினார்கள். பள்ளத்தில் நீரோடைகளை மறித்து ஏரி உண்டாக்கினார்கள். அந்த ஏரி சுருங்கிய நிலத்தில்தான் இப்போது பஸ் ஸ்டாண்டும் ரேஸ்கோர்ஸும் இருக்கின்றன.

பஸ் ஸ்டாண்ட், ரயில் நிலையம், ஏரி: தரை சமம், ஏற வேண்டியதில்லை. பஸ்ஸில் வருவோருக்கு இதைவிட வசதி கிடையாது. ஆனால் விடியும் முன்பே ஹார்ன் சத்தம் தொடங்கிவிடும். பள்ளமான இடம் என்பதால் ஜனவரியில் உறைபனி இங்கே நன்றாக இறங்கும். காலையில் ரேஸ்கோர்ஸ் புல்வெளி உப்புத் தூவியதுபோல் வெளுத்துக் கிடக்கும். மூட்டுவலிக்காரருக்கு அந்தக் குளிர் ஆகாது.

சேரிங்கிராஸ், கமர்ஷியல் ரோடு: இட்லி, தோசைக்கும் மருந்துக்கும் அலைய வேண்டாம். 1848இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவும் அருகில்தான். விடுமுறையில் நெரிசலும், வண்டி நிறுத்த இடமில்லாத திண்டாட்டமும் உண்டு.

எல்க்ஹில், ரோஜாப் பூங்கா பக்கம்: ஜன்னலைத் திறந்தால் ஊரே கீழே தெரியும். ஆனால் ஒவ்வொரு முறை வெளியே போய் வரவும் ஏற்றம்தான். இளவயதுத் தம்பதிக்குச் சொல்வேன். உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

ஃபெர்ன்ஹில், லவ்டேல்: மரமும் அமைதியும் நிறைந்த பகுதி. கார் இருப்பதால் உங்களுக்கு ஒத்துவரும். ஆனால் ராத்திரி எட்டு மணிக்குப் பிள்ளைகளுக்குப் பசித்தால் விடுதிச் சமையலைத்தான் நம்ப வேண்டும்.

உங்கள் குடும்பத்துக்கு என் யோசனை, சேரிங்கிராஸிலிருந்து பூங்கா போகும் வழியில் தரைத்தள அறை, சொந்த பார்க்கிங் உள்ள விடுதி. அங்கும் விடியற்காலைக் குளிர் கடுமைதான். மாமியார் வெயில் ஏறிய பிறகு வெளியே வரட்டும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அந்தக் குளிரை அவர் தாங்கமாட்டார் என்று தோன்றினால், தயங்காமல் சுமார் 1,850 மீட்டர் உயரத்திலுள்ள குன்னூரில் தங்குங்கள். அங்கிருந்து ஒருநாள் மலை ரயிலில் ஊட்டி போய் வரலாம். 2005 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமான அந்த ரயிலில், அவர் உட்கார்ந்தபடியே மலையைப் பார்த்துவிடுவார். டிக்கெட்டை மட்டும் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

வெளி மாவட்ட வண்டிகள் நீலகிரிக்குள் போக 2024 மே முதல் இ-பாஸ் முறை இருக்கிறது. கிளம்பும் முன் பதிந்துகொள்ளுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு அங்கே தடை என்பதால் எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள்.

பணம் கட்டும் முன் விடுதிக்கு நேரடியாகப் போன் போடுங்கள். கார் வாசல்வரை வருமா, வாசலிலிருந்து அறைக்கு எத்தனை படி, வெந்நீர் எந்நேரமும் வருமா, ஹீட்டருக்குத் தனிக் காசா என்று கேளுங்கள். படி எத்தனை என்று தெளிவாகச் சொல்லாமல் மழுப்பினால் அடுத்த விடுதியைப் பாருங்கள்.