தில்லை மரத்தைக் காணும் இடம்

சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பெயர் ஒரு மரத்தால் அமைந்தது. தில்லை மரங்கள் செறிந்த வனத்தின் நடுவே இறைவன் ஆனந்தக் கூத்து நிகழ்த்தினான் என்று தலபுராணம் கூறும். ஆயினும், ஆண்டுதோறும் திருவாதிரைக்கு வந்து வணங்கும் அன்பருட் பலர் அம்மரத்தைக் கண்டிலர். நகர் பெருகிய இடத்தில் அவ்வனம் இன்று இல்லை. தலமரத்தை அதற்குரிய நிலத்திலேயே காண விழைவோர், கிழக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பிச்சாவரத்திற்குச் செல்லுதல் வேண்டும்.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே, ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் கழிகளில் அலையாத்திக் காடு பரந்துள்ளது. படகு ஒடுங்கிய கால்வாயுள் நுழைந்ததும் முதலில் தோன்றுவது சுரபுன்னை. பந்தற்கால் நட்டாற்போல அதன் வேர்கள் நாற்புறமும் ஊன்றி நிற்கும். வெண்கண்டலோ சேற்றினின்று மேல்நோக்கி மூச்சு வேர்களை நீட்டும். கரையோரச் சேற்றில் கழிமுள்ளி நீல நிறத்திற் பூத்திருக்கும், இலை முள்ளுடையது.

தில்லை சற்று மேடான கரைகளை நாடி வளரும். முதிர்ந்த இலைகள் உதிருமுன் செந்நிறம் கொள்ளுதலால், பசுமைக்கிடையே அதனை எளிதில் அடையாளம் காணலாம். ஆண்மரமும் பெண்மரமும் வெவ்வேறு. ஆண்மரத்தின் பூங்கதிர் மஞ்சள் கலந்த பசுமையாய்ச் சிறுவிரல்போல் நீளும். தேனீக்கள் அதனை மொய்க்கும். கண்ணைக் கவரும் பூவன்று. எனினும், குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிய மலர்களுள் தில்லையும் ஒன்றாக இடம்பெற்றது. காட்டுப்பூவின் அருமை அதன் பருமையில் இல்லை என்பதைப் பழந்தமிழர் அறிந்திருந்தனர் போலும்!

இம்மரத்தின் கிளையை ஒடித்தலும் இலையைக் கிள்ளுதலும் ஆகா. அதன் பால் தோலைப் புண்ணாக்கும். கண்ணிற் பட்டால் பார்வையையே கெடுக்கும். வண்டு தீண்டாமுன் பூக்கொய்யப் புலிக்கால் வேண்டிப் பெற்ற வியாக்கிரபாதர் வழிபட்ட வனம் இது. அவ்வரம் பெறாத நாம் கண்ணாற் கண்டு வணங்குதலே தக்கது.

இக்காடு ஒருகால் அழியும் நிலையை எய்தியது. ஆங்கிலேயர் ஆட்சியில் பகுதி பகுதியாக மரங்களை வெட்டினர். நிழலிழந்த சேறு வெயிலிற் காய்ந்து பள்ளமாயிற்று. உட்புகுந்த ஓதநீர் வடியாமல் தேங்கி, உப்பு மிகுந்து, மீண்டும் முளை எழாது போயிற்று. வெட்டுவதை நிறுத்திய பின்னரும் காடு தானே திரும்பவில்லை என்பது கருதத்தக்கது. 1990-களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் கூடி, மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டினர். நீர் வந்து வடிய வழி பிறந்தது. நட்ட கன்றுகள் தழைத்தன. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை எழுந்தபோது, இக்காட்டின் பின்னிருந்த சிற்றூர்களில் சேதம் குறைந்திருந்தது.

காலை வேளையிற் செல்லுதல் நன்று. வெயில் ஏறுமுன் கடலோர மணல்மேட்டில் அடம்பங்கொடி செந்நீல மலர்களை விரித்திருக்கும். நண்பகல் கடந்தால் அவை வாடிச் சுருங்கிவிடும்.