பின்கோடுக்குள் ஒரு பகா எண்

செங்கல்பட்டுக்கு 603001, கேளம்பாக்கத்துக்கு 603103, மாமல்லபுரத்துக்கு 603104. 1972 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய பின்கோடு முறை நமக்குத் தந்த ஆறு இலக்க எண்கள் இவை. உறையின்மேல் எழுதியதும் மறந்துவிடுகிறோம். ஆனால் பெரிய எண்களைப் பற்றி நாம் நம்பும் பலவற்றையும் சோதித்துப் பார்க்க இவையே போதும்.

நம்பிக்கை: 2, 3, 5 மூன்றாலும் வகுபடாத 603001 பகா எண்ணாகத்தான் இருக்கும்.

உண்மை: ஏழால் வகுத்துப் பாருங்கள். 60-ல் எட்டு முறை, மீதி 4. 43-ல் ஆறு, மீதி 1. 10-ல் ஒன்று, மீதி 3. 30-ல் நான்கு, மீதி 2. 21-ல் மூன்று, மீதி இல்லை. ஆக, 603001 = 7 × 86143.

நம்பிக்கை: ஆறு லட்சத்தைத் தாண்டிய எண் பகா எண்ணா என்பதைக் கம்ப்யூட்டர்தான் சொல்ல வேண்டும்.

உண்மை: 603103-இன் வர்க்கமூலம் 776-ஐச் சற்றே தாண்டும். அதற்கு மேல் ஒரு காரணி இருந்தால், அதன் ஜோடி 776-க்குள் இருந்தே தீர வேண்டும். ஆகவே அதுவரையுள்ள 137 பகா எண்களால் வகுத்தால் போதும். நோட்டை எடுத்து உட்கார்ந்து வகுத்தேன். 37-க்கு மீதி 3, 163-க்கும் 3, 503-க்கு 6. கடைசியாக 773-க்கு 163. ஒன்றிலும் மீதியில்லாமல் போகவில்லை. அது பகா எண்தான். சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் நிறுவனத்தின் முகவரியிலும் இதே 603103 இருப்பது மனதுக்கு நிறைவாக இருந்தது.

நூற்றுக்கணக்கான இலக்கங்கள் கொண்ட எண்ணுக்கு இந்த வழி உதவாது. இலக்கங்கள் கூடினாலும் வேலை கட்டுமீறிப் பெருகாமல், தவறாமல் விடை தரும் முறையை 2002-ல் கான்பூர் ஐஐடியின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் கண்டுபிடித்தார்கள்.

நம்பிக்கை: எண் பெரிதானால் காரணிகளும் கூடும்.

உண்மை: 603103-க்கு 1-ம் அதுவும் என இரண்டே காரணிகள். அடுத்த எண்ணான 603104-ஐ 2×2×2×2×2×47×401 என்று பிரிக்கலாம். அதற்கு 24 காரணிகள். வெறும் 360-க்கும் அதே 24 உண்டு! 360-ஐப் போல, தனக்கு முந்தைய எல்லா எண்களையும் காரணிகளின் எண்ணிக்கையில் மிஞ்சும் எண்களைப் பற்றித்தான் ராமானுஜன் 1915-ல் நீண்ட ஆய்வுக் கட்டுரை எழுதினார்.

நம்பிக்கை: இலக்கங்களைக் கூட்டி வரும் கூட்டு எண்தான் எண்ணின் குணம்; வண்டி நம்பரின் கூட்டு எண் எட்டானால் ஆகாது.

உண்மை: 10, 100, 1000 எதை ஒன்பதால் வகுத்தாலும் மீதி 1. அதனால்தான் ஓரிலக்கம் வரும்வரை இலக்கங்களைக் கூட்டினால் ஒன்பதால் வகுத்த மீதியே கிடைக்கிறது. மீதியே இல்லாவிட்டால் 9 வரும். 603104-க்குக் கூட்டுத்தொகை 14, அதைக் கூட்டினால் 5; ஒன்பதால் வகுத்தாலும் மீதி 5. கூட்டு எண் எட்டு என்றால் மீதி எட்டு, அவ்வளவுதான். வரிசையாக நம்பர் கொடுத்தால் செங்கல்பட்டின் 'டிஎன் 19' வண்டிகளில் ஒன்பதுக்கு ஒன்று அப்படித்தான் வரும். அதைத் தவிர்க்கக் கூடுதல் பணம் கட்டாதீர்கள்.

பிள்ளைக்கு முகவரி எழுதக் கற்றுத் தரும்போது, கடைசியில் வரும் அந்த ஆறு இலக்கங்களை ஏழால் வகுக்கவும் சொல்லுங்கள்.